கிரேக்கரின் கணு எலும்புகளும் கவறுகளும்: வகுப்பில் எழுந்த கேள்விகள்

களுவாஞ்சிகுடி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் வரலாறு கற்பிக்கிறேன். சென்ற வாரம் பண்டைய கிரேக்கம் பற்றிய பாடத்தில், எக்செக்கியாஸ் என்னும் கலைஞர் கி.மு. 540க்கும் 530க்கும் இடையில் வனைந்து தீட்டிய சாடியொன்றின் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். இப்போது வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சாடியில், திரோய் நகரின்மீது கிரேக்கர் தொடுத்த போருக்கு வந்த வீரர்களான அக்கிலீசும் அயாக்சும் ஆளுக்கு இரண்டு ஈட்டிகளைத் தோளிற் சாய்த்துக்கொண்டு, நடுவிலுள்ள சிறு மேடையின்மேல் குனிந்து விளையாடுகிறார்கள். அக்கிலீசின் வாயருகே நான்கு என்றும் அயாக்சின் வாயருகே மூன்று என்றும் கிரேக்க எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. “சண்டைக்குப் போன இடத்தில் தாயமா விளையாடுகிறார்கள், ரீச்சர்?” என்று கடைசி வாங்கிலிருந்த மாணவன் கேட்டான். அதன்பின் வகுப்பில் ஒருவர்கூடச் சோர்ந்திருக்கவில்லை.

கிரேக்கர் ஆட்டின் கணு எலும்புகளைக் கவறாக எறிந்தார்கள் என்றும், அவற்றில் 1, 3, 4, 6 ஆகிய எண்கள் மட்டுமே உண்டு என்றும் சொன்னேன். இரண்டும் ஐந்தும் எங்கே போயின, எண் எழுதாத எலும்பில் எது மூன்று, எது நான்கு என்று எப்படிக் கண்டார்கள், வென்றவர் யார் என்பதை எவ்வாறு தீர்மானித்தார்கள் என்று பிள்ளைகள் அடுத்தடுத்துக் கேட்டபோது என்னால் சரியாக விளக்க முடியவில்லை.

மறுநாள், என்னைவிட மூத்த ஆசிரியர் ஒருவர், சூதாட்டத்தைப் பாடசாலையில் விளக்கத்தான் வேண்டுமா என்று கேட்டார். அவர் குறை காணும் நோக்கத்தில் கேட்கவில்லை. லொத்தர்ச் சீட்டிலும் கைத்தொலைபேசிப் பந்தயத்திலும் உழைப்பை இழந்த குடும்பங்களை நானும் அறிவேன். ஆகவே எலும்பாட்டத்தின் விபரத்துடன், விளையாட்டையும் சூதையும் கிரேக்கர் வேறுபடுத்திப் பார்த்தார்களா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கல்லடி வாசகர் எழுதியது:

ரீச்சருக்கு வணக்கம். எலும்பிலிருந்தே தொடங்குகிறேன்; பிள்ளைகள் கேட்டவற்றில் பாதிக்கு விடை அதன் வடிவத்திலேயே இருக்கிறது. ஆட்டின் பின்னங்காலில், நீண்ட கால் எலும்பு பாதத்தோடு பொருந்தும் மூட்டுக்குள், பெருவிரல் நுனி அளவில் ஒரு சிறிய எலும்பு உண்டு. அதைத்தான் கிரேக்கர் அஸ்ட்ரகலோஸ் என்றார்கள். அதன் இரு முனைகளும் உருண்டிருப்பதால், எறிந்தால் முனையில் நிற்பது மிக அரிது. நான்கு பக்கங்களில் ஏதாவது ஒன்றிலேயே அது தங்கும். அகலமான பக்கங்கள் இரண்டில் குழிந்திருப்பது மூன்று, புடைத்திருப்பது நான்கு. ஒடுங்கிய பக்கங்கள் இரண்டும் ஒன்றும் ஆறும் ஆகும். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் எப்போதும் ஏழு வரும். ஆறு முகக் கவற்றில் இரண்டும் ஐந்தும் எதிரெதிராக அமையும் இடத்தில், எலும்புக்கு உருண்ட முனைகள்தாம் இருக்கின்றன. ஆகவே அந்த எண்களுக்கு அதில் இடமில்லை. நான்கு பக்கங்களும் நான்கு வடிவமாக இருப்பதால் எண்ணைப் பொறிக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. நாங்கள் சோகியை எறிந்துவிட்டு, மல்லாந்தது எது, கவிழ்ந்தது எது என்று எண்ணுவதைப் போலத்தான்.

எண்களுக்குப் பெயர்களும் இருந்தன. ஒன்றை நாய் என்றும் கியோஸ் என்றும், ஆறைக் கோஸ் என்றும் அழைத்தார்கள். கியோஸ், கோஸ் இரண்டும் ஏஜியன் கடலிலுள்ள தீவுகள். எந்தெந்த விலங்குக்கு இந்த எலும்பு உண்டு, அது காலுக்குள் எவ்வாறு அமைந்திருக்கிறது என்று விளக்கும் அரிஸ்டோட்டில்கூட, அதன் பக்கங்களைச் சுட்டுவதற்கு ஆட்டக்காரரின் இந்தப் பெயர்களையே எடுத்தாள்கிறார். அறிவியல் நூலொன்றுக்குள் தெருவின் சொல் இவ்வளவு இயல்பாக நுழைந்திருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பெரியவர்கள் பெரும்பாலும் நான்கு எலும்புகளை ஒன்றாக எறிந்தார்கள். நான்கு பக்கமுள்ள நான்கு எலும்புகள் 35 வகையாக விழக்கூடும். அவற்றில் நான்கும் வெவ்வேறாக, அதாவது 1, 3, 4, 6 என்று விழுவது தலைசிறந்த எறிதல். அதனை அப்ரோடைட்டித் தெய்வத்தின் பெயரால் அழைத்தார்கள், உரோமர் அதையே வீனஸ் என்றார்கள். கூட்டுத்தொகை பெரிதாக இருந்தால் வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. பந்தயம் எப்படி நடந்தது என்பதைத் தெளிவாகக் காட்டும் சான்று, காலத்தால் பிந்திய உரோமப் பேரரசர் ஒகஸ்டசின் கடிதத்தில் இருக்கிறது: நாயோ ஆறோ எறிந்தவர் அவ்வாறு விழுந்த ஒவ்வோர் எலும்புக்கும் ஒரு தெனாரியஸ் நாணயத்தை நடுவில் வைக்க வேண்டும், வீனஸ் எறிந்தவர் நடுவிலுள்ள அனைத்தையும் அள்ளிக்கொள்வார்.

இங்கே கணித ஆசிரியருடன் சேர்ந்து கற்பிக்கக்கூடிய ஒரு செய்தி உண்டு. எலும்பு அகலப் பக்கங்களில் விழுவது அதிகம், ஒடுங்கிய பக்கங்களில் விழுவது குறைவு. அகலப் பக்கம் ஒவ்வொன்றும் பத்துக்கு ஏறத்தாழ நான்கு முறையும், ஒடுங்கிய பக்கம் ஒவ்வொன்றும் பத்துக்கு ஏறத்தாழ ஒரு முறையும் விழும் என்று கொண்டால், வீனஸ் நூறு எறிதலுக்கு ஏறக்குறைய நான்கு முறை வரும். நான்கும் நாயாக விழுவதோ பத்தாயிரத்துக்கு ஒரு முறைதான். மிக அரிதாக வருவதையல்ல, நான்கு முகங்களும் ஒருங்கே தெரிவதையே அவர்கள் சிறப்பெனக் கொண்டார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. யூக்ளிட்டையும் ஆர்க்கிமிடீசையும் தந்த அந்தச் சமூகம் நிகழ்தகவைக் கணக்கிடும் கலையை உருவாக்கவில்லை. அது 1654இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்களான பஸ்கலும் பெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களோடுதான் உருப்பெற்றது. ஓர் எலும்பைப் போல் இன்னோர் எலும்பு இல்லாததும், விழுவதைத் தீர்மானிப்பது தெய்வம் என்ற நம்பிக்கையும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்பது எனது எண்ணம்.

ஆறு முகக் கவறும் அவர்களிடம் இருந்தது. அதனைக் கியூபோஸ் என்றார்கள், வழக்கமாக மூன்றை எறிந்தார்கள். “மும்முறை ஆறு, இல்லாவிட்டால் மூன்று ஒன்று” என்பது அவர்களிடையே பழமொழி. எல்லாம் கிடைக்கட்டும் அல்லது எல்லாம் போகட்டும் என்று துணிவதை அது குறிக்கும். கி.மு. 458இல் மேடையேறிய ஈஸ்கிலசின் நாடகத் தொடக்கத்தில், திரோய் வீழ்ந்த செய்தியைச் சொல்லும் தீப்பந்தத்தைக் கண்ட காவலாளி, அந்தத் தீ தனக்கு மும்முறை ஆறு எறிந்துவிட்டது என்று மகிழ்கிறான்.

ஆரையம்பதி வாசகி எழுதியது:

கல்லடி ஐயாவின் விளக்கத்தில் பெண்களும் சிறுவர்களும் விடுபட்டுவிட்டார்கள். உண்மையில் இந்த எலும்பு அவர்களுடைய கையில்தான் அதிகம் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

கிரேக்கப் பெண்கள் பெந்தெலித்தா என்று ஒரு விளையாட்டு விளையாடினார்கள்; ஐந்து கல் என்பதுதான் அதன் பொருள். கல்லையோ எலும்பையோ மேலே எறிந்து, கையைத் திருப்பிப் புறங்கையில் ஏந்த வேண்டும். ஏந்தத் தவறி நிலத்தில் விழுந்தவற்றை, புறங்கையில் உள்ளவை விழாதபடி விரல்களால் பொறுக்க வேண்டும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பொலக்ஸ் என்பவர் இதை விவரித்ததைப் படித்தபோது, எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மம்மா கொக்கான் வெட்டியது கண்முன்னே வந்தது. அவருடைய புறங்கையில் ஐந்து கல்லும் அசையாமல் இருக்கும். இத்தாலியின் கப்புவாவில் கிடைத்து இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும் சுடுமண் சிற்பத்தில், இரண்டு பெண்கள் எதிரெதிரே குந்தியிருந்து எலும்பு விளையாடுகிறார்கள். அது கி.மு. 330 – 300 அளவைச் சேர்ந்தது. ஆசிரியை அந்தப் படத்தையும் மாணவிகளுக்குக் காட்ட வேண்டுகிறேன்; வீரர்கள் இருவரை மட்டும் பார்த்தால் இது ஆண்களுக்குரியது என்று அவர்கள் நினைத்துவிடக்கூடும்.

பாடசாலைக்குப் பொருத்தமான செய்தி இன்னொன்றும் உண்டு. கொன்னாரஸ் என்ற சிறுவன் அழகாக எழுதியதற்காக எண்பது கணு எலும்புகளைப் பரிசாகப் பெற்றான் என்று ஒரு கிரேக்கச் சிறு கவிதை சொல்கிறது. பின்னாளில் ஏதென்சின் தளபதியான அல்கிபியாடிஸ் சிறுவனாக ஒடுங்கிய தெருவில் எலும்பு எறிந்துகொண்டிருந்தபோது, பாரம் ஏற்றிய வண்டியொன்று வந்தது. தனது எறிதல் வண்டிப்பாதையில் விழுவதால் சற்று நிற்கும்படி அவன் கேட்டும் வண்டிக்காரன் நிற்கவில்லை. மற்றப் பிள்ளைகள் சிதறி ஓட, அவன் வண்டிக்கு முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு, வேண்டுமானால் ஏற்றிக்கொண்டு போ என்றான். இதைப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

ஆனால் பிள்ளைகளின் விளையாட்டிலும் கோபம் இருந்தது என்பதை மறைக்க வேண்டாம். திரோய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில், அக்கிலீசின் உயிர்த்தோழனான பத்ரோக்கிளஸ் இறந்தபின் அவனது ஆவி அக்கிலீசின் கனவில் தோன்றி, தான் சிறுவனாக இருந்தபோது எலும்பாட்டத்தில் மூண்ட கோபத்தால் இன்னொரு சிறுவனை அறியாமையால் கொன்றுவிட்டதையும், அதனாலேயே அக்கிலீசின் வீட்டுக்கு வந்து சேர்ந்ததையும் நினைவூட்டுகிறது. அந்த நட்பே ஓர் எலும்பாட்டத்தில் நேர்ந்த கொலையிலிருந்து பிறந்தது என்று அறிந்தபின், ஆசிரியை காட்டிய சாடியை என்னால் முன்பு போலப் பார்க்க முடியவில்லை.

சம்மாந்துறை வாசகர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். எலும்பைப் பற்றிய பேச்சில் அந்தச் சாடியின் கேள்வி நின்றுவிட்டது. அதில் உள்ளது வெறும் கவறாட்டம் அன்று. பலகையும் காய்களும் சேர்ந்தது. அது ஐங்கோட்டு ஆட்டமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஐந்து கோடுகளும் ஆளுக்கு ஐந்து காய்களும் கொண்ட அந்த ஆட்டத்தில் நடுக்கோடு புனிதக் கோடு எனப்பட்டது. “புனிதக் கோட்டிலிருந்து காயை நகர்த்துதல்” என்றால், வேறு வழியே இல்லாத நிலையில் கடைசி உபாயத்தைக் கையாளுதல் என்று பொருள். இருவரும் எண்ணைச் சொல்வதால், கவறு விழுந்தபடி காய் நகர்ந்தது என்று கொள்ளலாம். அப்படியானால் அந்த மாணவன் தாயம் என்று சொன்னது மிகவும் பொருத்தமானதே. நான்கு சொன்ன அக்கிலீஸ் மூன்று சொன்ன அயாக்சை முந்துகிறார். இருவருமே திரோயிலிருந்து வீடு திரும்பப்போவதில்லை என்பது பார்த்த கிரேக்கர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

கவறே இல்லாத பலகை ஆட்டமும் இருந்தது. அதற்குப் பொலிஸ் என்று பெயர். நகரம் என்பது பொருள். அதன் காய்களை நாய்கள் என்று அழைத்தார்கள். எதிரியின் நாய் ஒன்றைத் தனது இரண்டு நாய்களுக்கிடையில் அடைத்துவிட்டால் அது வெட்டுப்படும். எங்கள் பக்கத்து நாயும் புலியும் ஆட்டத்தில் நாய்கள் புலியை வளைத்து அடைப்பதை இதனோடு ஒப்பிடலாம். ஆனால் கிரேக்கரிடம் புலி இல்லை, இருபுறமும் நாய்களே. நகரமில்லாத மனிதன் பலகையில் தனித்து விடப்பட்ட காயைப் போன்றவன் என்று அரிஸ்டோட்டில் தமது அரசியல் நூலில் எழுதுவது இத்தகைய ஆட்டத்தை மனதில் வைத்துத்தான்.

ஆசிரியைக்கு எலும்பு தேவையானால் இறைச்சிக் கடையில் சொல்லிவைத்தால் கிடைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வாரத்தில் நான் நான்கு எலும்புகளை நன்றாக அவித்து, தசைநார் அகற்றி, வெயிலில் காயவைத்தேன். பிள்ளைகளுடன் வைத்து எறிந்து பார்த்ததில் கல்லடி நண்பர் சொன்னபடியே பெரும்பாலும் அகலப் பக்கங்களே விழுந்தன. இடக்கால் எலும்பும் வலக்கால் எலும்பும் கண்ணாடியில் பார்த்ததுபோல மாறியிருக்கும் என்பதையும் கவனிக்கவும்.

பாண்டிருப்பு வாசகர் எழுதியது:

மூத்த ஆசிரியரின் கேள்விக்கு இதுவரை யாரும் நேராக விடை சொல்லவில்லை. எங்கள் ஊர்த் திரௌபதை அம்மன் கோயிலுக்கு ஆண்டுதோறும் போகிறவன் என்ற முறையில் அந்தக் கேள்வி எனக்கு அந்நியமானதன்று. நாடும் மனைவியும் கவற்றில் இழக்கப்பட்ட கதையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கொல்லப்பட்ட தந்தையின் எலும்பில் சகுனி கவறு செய்தான் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லும்போது உடல் சிலிர்க்கும்.

கிரேக்கர் சூதை நன்கு அறிந்திருந்தார்கள், அதை வெறுக்கவும் செய்தார்கள். ஏதென்சின் இளைஞர்கள் கவறாட்ட விடுதிகளில் பொழுதைக் கழிக்கிறார்கள் என்று அந்நகரின் அறிஞர் இசொக்கிரட்டீஸ் வருந்தி எழுதினார். ஏஸ்கினிஸ் என்ற பேச்சாளர் திமார்க்கஸ் என்பவருக்கு எதிராகத் தொடுத்த வழக்குரையில் ஓர் இரவுக் காட்சி வருகிறது: சூதாட்டக் கூட்டம் கூடிய வீடொன்றுக்குள் சிலர் புகுந்து, எலும்புகளையும் குலுக்கும் கிண்ணங்களையும் உடைத்துத் தெருவில் வீசி, அங்கிருந்த சண்டைச் சேவல்களையும் காடைகளையும் கொன்று, வீட்டுக்காரரைத் தூணில் கட்டி அடித்தார்கள். அரிஸ்டோட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், கவறாடிப் பிழைப்பவனை வழிப்பறிக்காரனோடு சேர்த்து எண்ணுகிறார். யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அந்த நண்பர்களிடமிருந்தே அவன் ஆதாயம் தேடுகிறான் என்பது அவர் காட்டும் காரணம். சூதைக் கண்டிக்கும் சொற்களில் இதைவிடக் கூர்மையானதை நான் கண்டதில்லை. மூத்த ஆசிரியரிடம் இதைக் காட்டுங்கள், அம்மா.

அதேவேளை, அதே எலும்பு தெய்வத்தின் முன்னும் இருந்தது. ஆக்காயா நாட்டில் பூரா என்ற இடத்துக்கு அருகே, குகையொன்றில் இருந்த ஹெரக்கிளீசின் சிலைக்கு முன்னால் எலும்புகள் நிறையக் கிடக்கும். வருபவர் வேண்டுதல் செய்து, நான்கை எடுத்து மேசையில் எறிவார். விழுந்த விதத்துக்குரிய பலன் பலகையில் எழுதப்பட்டிருக்கும் என்று கிரேக்கப் பயண நூலாசிரியர் பவுசானியஸ் சொல்கிறார். நாங்கள் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதும் இந்த மனநிலையில்தான். குறி கேட்கும் கோயிலுக்குப் பேர்போன டெல்பிக்கு மேலே மலையிலுள்ள கொரிக்கியக் குகையில் பிரெஞ்சு அகழ்வாய்வாளர்கள் 22,000க்கும் மேற்பட்ட கணு எலும்புகளைக் கண்டெடுத்தார்கள்.

நீதியிலும் இதே நம்பிக்கை இருந்தது. ஏதென்சில் நடுவர்களைத் தெரிவுசெய்யும்போது, பெயர்த் தகடுகளை வரிசை வரிசையாகச் செருகிய கருவியின் குழாய்க்குள் கறுப்பும் வெள்ளையுமான வெண்கலக் கட்டைகளைப் போட்டார்கள். வெள்ளை வந்த வரிசையினர் நடுவராக அமர்ந்தார்கள், கறுப்பு வந்தவர்கள் வீடு திரும்பினார்கள். அந்தக் கட்டைகளுக்கும் கியூபோஸ் என்ற அதே பெயர்தான். யாருக்கு நடுவர் பதவி கிடைக்கும் என்பது எவருக்கும் முன்கூட்டித் தெரியாததால் இலஞ்சம் கொடுக்க வழியில்லாமற் போயிற்று. ஆகவே அவர்கள் வேறுபடுத்திப் பார்த்தார்களா என்ற கேள்விக்கு எனது விடை ஆம் என்பதே. பொருளால் அன்று, அதைக் கையில் எடுப்பவரின் நோக்கத்தால் வேறுபடுத்தினார்கள்.

களுவாஞ்சிகுடி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சம்மாந்துறை நானா சொன்னபடி எலும்புகளை அவித்துக் காயவைத்து நேற்று வகுப்புக்குக் கொண்டுபோனேன். பந்தயம் எதுவும் இல்லை. குழுவுக்கு நான்கு எலும்பும் ஒரு தாளும் மட்டும் கொடுத்து, ஐம்பது முறை எறிந்து விழுந்ததை எழுதச் சொன்னேன். எது மூன்று, எது நான்கு என்று சொல்லிக் கொடுக்க எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. அதன்பின் அவர்கள் பாராமலே விரலால் தடவிச் சொன்னார்கள். மாணவிகள் மூவர் எலும்பை விட்டுவிட்டு முற்றத்துக் கற்களை எடுத்துக் கொக்கான் வெட்டத் தொடங்கியதையும் நான் தடுக்கவில்லை.

மூத்த ஆசிரியரிடம் அரிஸ்டோட்டிலின் காரணத்தைச் சொன்னேன். அவர் அதை எழுதித் தரும்படி கேட்டு வாங்கி, தமது மாணவர்களுக்கும் வாசித்துக் காட்டப்போவதாகச் சொல்லிச் சென்றார். பத்ரோக்கிளசின் கதையைச் சொன்னபோது, தாயம் என்று கேட்ட மாணவன், கொல்லப்பட்ட சிறுவனின் பெயர் என்னவென்று கேட்டான். அம்பிடமாசின் மகன் என்று மட்டுமே ஹோமர் அந்த இடத்தில் சொல்கிறார் என்றேன். அவன் தனது தாளின் ஓரத்தில் அதையும் எழுதிக்கொண்டான். அடுத்த கிழமை முற்றத்து மணலில் ஐந்து கோடு கீறிப் புளியங்கொட்டைகளைக் காயாக வைக்க எண்ணியிருக்கிறோம்.